கண்ணாடிப் பெட்டிக்குள் பூஞ்சை

மார்ச் 4
பரிச்சாரா ஊர்ப் பூச்சிக் காட்சியகத்துக்கு இன்று பதினோரு பேர். இலைவெட்டி எறும்புகளின் கண்ணாடிப் பெட்டி முன்னால் ஒருவர் கேட்டார்: "எப்பம்மா வறுப்பீங்க?" இந்த எறும்பை வறுத்துத் தின்னும் ஊர் இது; பார்த்தாலே வாய் ஊறும். ஒற்றை ராணியிலிருந்து ஐந்து வருடமாக நான் வளர்த்த கூட்டம்.

மார்ச் 6
மழை. தோட்டக்காரர் ரொதுல்ஃபோ கொண்டுவந்த கொய்யா இலை அரைக் கூடைதான். போதாமல், சந்தையில் வாங்கிய ஆரஞ்சின் தோலையும் வைத்தேன். வேகமாகத் தூக்கிப் போயின.

மார்ச் 10
இலையை மென்று அவை வளர்க்கும் பூஞ்சைதான் அவற்றின் சாப்பாடு. அதன் ஓரம் பழுப்பாகிவிட்டது.

மார்ச் 12
பாதி போய்விட்டது. அழுகியதைத் துண்டு துண்டாக வெளியே கொட்டுகின்றன. முழுதும் போனால் ராணியும் பட்டினிதான்.

மார்ச் 13
சாப்பாட்டு அறையில் எல்லோரும் இருக்கும்போதே ரொதுல்ஃபோவைக் கேட்டுவிட்டேன். "மருந்தடிச்ச மரத்துலதானே இலை பறிச்சீங்க?"
"எங்க வீட்டு மரம். அதுல பழுக்கிறத நாங்களேதான் திங்கிறோம்."
நிர்வாகி அமின்த்தா அவரை வாசல் காவலுக்கு மாற்றினாள்.

மார்ச் 15
சந்தைக்கு மறுபடி ஆரஞ்சு வாங்கப் போனேன். பழக்காரி சொன்னாள்: "தோல வச்சு மிட்டாய் பண்ணிடாதீங்க. வெளியூர்ப் பழம். பூஞ்சை பிடிக்காம இருக்கத் தோல்ல மருந்து தடவித்தான் அனுப்புறாங்க."
எடுத்ததைத் திரும்ப வைத்தேன். அப்போ நானா? நானேதானா?

மார்ச் 16
யாருக்குத் தெரியப்போகிறது?

மார்ச் 17
ஆரஞ்சுத் தோலைப் பற்றி அமின்த்தாவிடம் சொன்னேன். பிறகு வாசலுக்குப் போய் ரொதுல்ஃபோவிடமும். வெயிலில் நின்றிருந்தார்.
"அத்தனை பேரு முன்னாடி கேட்டீங்க. இத மட்டும் தனியா வந்து சொல்றீங்க."

மார்ச் 18
மதியம் எல்லோரும் சாப்பிடும்போது எழுந்து நின்று, தவறு என்னுடையது என்று சொன்னேன். ரொதுல்ஃபோ தட்டைப் பார்த்தே சாப்பிட்டு முடித்தார்.

மார்ச் 19
காலையில் பெட்டி அருகே அவர், ஒரு மூடிபோட்ட வாளியோடு. உள்ளே காட்டு எறும்புப் புற்றிலிருந்து தோண்டிய பூஞ்சை, பப்பாளி அளவுக்கு. விரலெல்லாம் எறும்புக் கடி, ரத்தம்.
"ரொம்ப நன்றி" என்றேன்.
"உங்களுக்காகச் செய்யல" என்றார்.

மார்ச் 27
வேற்றுப் பூஞ்சையை எறும்புகள் ஏற்றுக்கொண்டன. புது வெள்ளை படர்கிறது. ராணி முட்டையிடுகிறது. ரொதுல்ஃபோ மறுபடி இலை கொண்டுவருகிறார். நான் உள்ளே இருந்தால் கூடையைக் கதவருகே வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். பக்கத்து அறையில் அவர் பேசிச் சிரிப்பது இங்கே கேட்கிறது.