கடைசி வரிசை சீட்

கோபித்துக்கொள்ளாமலேயே கிளம்பிப் போனவளுக்கு,

உன் அண்ணன் வீட்டில் சௌகரியமாக இருப்பாய். நானும் நன்றாகத்தான் இருக்கிறேன்.

பத்திரிகைக்காக ஒரு மினிவேனையும் எஸ்யூவியையும் ஒப்பிட்டு எழுதினேன். எஸ்யூவி நம் வண்டியின் அதே மாடல்தான். வழக்கம்போல் அளக்கும் டேப்போடு ஒவ்வொரு சீட்டிலும் உட்கார்ந்து பார்த்தேன். மினிவேனில் கடைசி வரிசையிலும் காலை நீட்ட முடிந்தது. எஸ்யூவியில் முட்டி நெஞ்சில் இடித்தது. "பெரியவர்கள் இங்கே அரை மணி நேரம்கூடத் தாங்க மாட்டார்கள்" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

அக்கா வீட்டுக்கு ஆறு மணி நேரம். முன்னால் அப்பா, நடுவில் அம்மாவும் பிள்ளைகளும், கடைசியில் எப்போதும் நீ. வாங்கும்போதே சொன்னாய், "மினிவேனே எடுக்கலாங்க, பின்னாடி உட்கார்றவங்களும் மனுஷங்கதானே." நான்தான், "ஸ்கூல் வேன் மாதிரி இருக்கு, மானம் போயிடும்" என்றேன். ஊரார் வண்டிக்கெல்லாம் குறை சொல்லிப் பிழைப்பவன், நம் வண்டியில் ஓட்டுகிற சீட்டைத் தவிர எதிலும் உட்கார்ந்ததில்லை. கண்ணாடியில் பார்த்து "வசதியா இருக்கா?" என்பேன். "ம்" என்பாய்.

இதை நம் வண்டியின் கடைசி சீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நடு சீட்டை இழுத்து நிமிர்த்திவிட்டேன். அதை மடக்கும் பிடி இங்கிருந்து எட்டவில்லை. வெளியிலிருந்து யாராவது மடக்கினால்தான் இறங்க முடியும். அக்கா வீடு வந்ததும் பிள்ளைகள் குதித்து ஓடிவிடும். நான் பெட்டிகளை இறக்கி, அப்பாவை உள்ளே உட்காரவைப்பேன். அதன் பிறகுதான் உன் ஞாபகம் வரும்.

ஒரு நாளும் நீ சத்தம் போட்டுக் கூப்பிட்டதில்லை.

இப்படிக்கு,
முன் சீட்டிலேயே இருந்தவன்