கப்பலேறாத சட்டம்

1947 ஜூன் 23, திங்கள்

சாரல் ஓயவில்லை. மேலகரம் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க நனைந்துகொண்டே போய், நனைந்துகொண்டே வந்தேன்.

வீட்டில் வக்கீல் உட்கார்ந்திருந்தார். கோர்ட்டு வாசலில் முத்திரைத்தாள் விற்கும் என் வீட்டுக்காரருடைய பெட்டியில் கள்ள முத்திரை அகப்பட்டு நாலு மாதம் ஆகிறது. இவரும், கூட உட்கார்ந்து மனு எழுதும் துல்கர்னைனும் ஜாமீனில் இருக்கிறார்கள்.

"குத்தத்த ஒத்துக்கிடுங்க ஆவுடைநாயகம். இந்த மாஜிஸ்திரேட் எளகுன மனுசன். ஆறு மாசத்தோட முடிச்சிருவாரு. அடுத்து வாரவர் எப்படியோ" என்றார் வக்கீல்.

இவர் சிரித்தார். "ராசா தலை போட்ட முத்திரைக்குத்தானே கேசு? ராசாவே மூட்டையக் கட்டுதான். அவன் சட்டமும் அவங்கூடவே கப்பலேறிரும்."

தென்காசிக் கோர்ட்டு வாசலில் எல்லோரும் இதைத்தான் சொல்லுகிறார்களாம். குழம்பை இறக்கி வைத்தேன்.

ஜூன் 30

துல்கர்னைன் ஒத்துக்கொண்டான். ஆறு மாதம். பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இவர் வாய்தா வாங்கிக்கொண்டு வந்தார். "ஒண்ணரை மாசம் பொறுக்கத் தெரியல, கோட்டிக்காரப் பயலுக்கு" என்று வழியெல்லாம் ஏச்சு.

ஜூலை 12, சனி

வக்கீலிடம் நானே கேட்டேன் — புதுச் சர்க்கார் வந்தால் பழைய சட்டம் போய்விடுமா?

"வீட்ட வித்துட்டா குடியிருக்கவன் தப்பிச்சிருவானாம்மா? வாங்குனவனுக்கு வாடகை கட்டணும்லா" என்றார்.

இவரிடம் வந்து அப்படியே சொன்னேன். "அவனுக்கு என்னட்டி தெரியும்?" என்றுவிட்டு, எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்விட்டார்.

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மரத்துப்போன கால் மாதிரி இருக்கிறது மனசு, கிள்ளினாலும் தெரியவில்லை.

ஜூலை 28

மறுபடியும் வாய்தா.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றினோம். இவர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். தின்றேன்.

ஆகஸ்ட் 18

துல்கர்னைன் வாசலில் வந்து நின்றான். நான் பயந்துபோனேன், தப்பி வந்துவிட்டானோ என்று. இல்லை. சுதந்திரத்தை முன்னிட்டுச் சில கைதிகளுக்கு மிச்சத் தண்டனையைத் தள்ளிவிட்டார்களாம். அதில் அவனும் ஒருவன்.

"அண்ணாச்சிக்கு?" என்று இழுத்தேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "உள்ள இருந்தவனுக்குத்தான் மதினி மன்னிப்பு. வெளிய இருக்கவனுக்குக் கேசு கேசுதானாம்."

இவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்து அடுக்களைக்குள் போனார். தண்ணீர் மோந்து குடிக்கும் சத்தம். ஒரு செம்பு, இன்னொரு செம்பு. அவ்வளவு தாகமா?

அன்றைக்கே ஒத்துக்கொண்டிருந்தால் இவரும் வந்திருப்பார்.

செப்டம்பர் 4, வியாழன்

மாஜிஸ்திரேட் புதியவர். வக்கீல் சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க இவரே எழுந்து கேட்டார்: "சர்க்காரே மாறிப்போச்சே, எசமான்?"

"சர்க்கார் மாறியது, சட்டம் மாறவில்லை. நல்ல முத்திரை இன்றைக்கும் செல்லுகிறது அல்லவா? கள்ள முத்திரை இன்றைக்கும் கள்ள முத்திரைதான்" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இரண்டு வருடம்.

அழுகை வருமென்று பார்த்தேன். வரவில்லை. பஸ் ஏறி வந்து, உலை வைத்தேன். இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன்.

டிசம்பர் 6, சனி

பாளையங்கோட்டைக்குப் போனேன். துல்கர்னைன்தான் கூட்டிப்போனான், அவனுக்கு வழி தெரியும். அவன் பெண்சாதி சைதூன் பீவி இடியாப்பம் கட்டிக் கொடுத்திருந்தாள். ஜெயில் வாசலில் அதை உள்ளே விடவில்லை.

இவர் கம்பிக்கு அந்தப் பக்கம். தாடி நரைத்திருந்தது. சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏட்டி, டெல்லியில புதுசா அரசியல் சட்டம் எழுதுதாங்களாம்லா. இங்கன எல்லாரும் பேசிக்கிடுதாங்க. அது வந்துட்டா இந்தச் சட்டம் போயிரும், என்ன?"

வக்கீலிடம் கேட்கவே வேண்டாம். போகாதென்று எனக்கே தெரியும்.

"போயிரும்" என்றேன்.