ஒத்தை ரிங்

ஐப்பசி, செவ்வாய்

அவினாசி ரோட்டுப் பெரிய பாலம் திறந்த வருசம். காந்திபுரத்தில் நாங்கள் வேலை பார்த்த டிவி கடை பிரியாணிக் கடை ஆனதும் இதே வருசம்தான். காலையிலிருந்து தூறல்.

பட்டன் போன் செத்தது. பேட்டரி உப்பி மூடி கழன்றுவிட்டது. அந்த பேட்டரி இப்போது வருவதில்லையாம். மகன் டச் போன் வாங்கி வந்தான். அதில் ஒரு மைக் படம். அமுக்கிப் பேசினால் போனே எழுதிக்கொள்கிறது. எனக்கு எழுத்துத் தெரியாது, நம்பர் மட்டும் தெரியும். சொன்னதைத்தான் எழுதுகிறதா, வேறு எதையாவதா, நான் என்ன கண்டேன். யாரும் படிக்கப் போவதும் இல்லை.

பழைய போனில், கடையில் கூட வேலை பார்த்தவர்களுக்கு ஆளுக்கொரு சத்தம் வைத்துக் கொடுத்திருந்தார்கள். சேவல் கூவினால் பாய். ரயில் என்றால் ரங்கசாமி அண்ணன். கோயில் மணி, நம்ம மணி. புதுசில் எல்லாருக்கும் ஒரே டிங் டிங்.

புதன்

வெயில். முட்டி வலி. தைலம் தீர்ந்தது.

பாயிடமிருந்து ரிங் இல்லை.

கடையில் நாலு பேர் இருந்தோம். பாய் டெம்போ ஓட்டுவார். அண்ணன் ஆன்டெனா கட்டுவார். டிவிப் பெட்டிக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் மணி. கடையை விட்டு நின்ற பிறகு, விடிந்ததும் மிஸ்டு கால் என்று ஒரு முறை வைத்துக்கொண்டோம். ஒத்தை ரிங். எழுந்தாச்சு, இருக்கிறேன் என்று அர்த்தம். எடுக்கக் கூடாது. பதிலுக்கு ஒத்தை ரிங், அவ்வளவுதான். மூத்தவர்தான் முதலில் அடிக்கணும். சின்னவன் முந்தினால், போய்ச் சேர்ந்தாயா என்று கேட்கிற மாதிரி ஆகிவிடும். போன் பேசுவது சல்லிசான பிறகும் முறையை மாற்றவில்லை.

முழுசாக அடித்தால் சாவுச் சேதி. அண்ணன் போனபோதும் மணி போனபோதும் அப்படித்தான் வந்தது.

பாய் மறந்திருப்பார். மறக்கிற ஆள் இல்லை.

வியாழன்

இன்றைக்கும் இல்லை. டிங் என்று வந்ததெல்லாம் லோன் வேணுமா சார்.

உட்கார்ந்து யோசித்ததில், நாங்கள் தூக்கின சாமான்: ஷட்டர் வைத்த மரப்பெட்டி டிவி. வீடியோ டெக். எஸ்டிடி பூத்துக்குக் கண்ணாடிக் கூண்டு. பிரவுசிங் சென்டருக்கு முதுகு பெருத்த கம்ப்யூட்டர். டிஷ் குடை. ஏற்றின படியிலேயே பிற்பாடு இறக்கினோம். ஒரு மில்காரர் வீட்டம்மா டெக்குக்குப் பொட்டு வைத்துச் சூடம் காட்டினார். அதை எடைக்கு எடுத்தபோது பொட்டு அப்படியே இருந்தது. பூத் கூண்டு ஒன்று கணபதியில் இருக்கிறது. உள்ளே முயல் வளர்க்கிறார்கள்.

முதலாளி பேஜரை இடுப்பில் மாட்டித் திரிந்தது ஒரே ஒரு தீபாவளி.

இப்போது தூக்க ஆளே வேண்டாம். போனுக்குள் வருகிறது, போனுக்குள்ளேயே போய்விடுகிறது. மகன் நெட்டில் கல்யாண போட்டோ ஏற்றி வைத்த இடத்தைப் பூட்டிவிட்டார்களாம். மருமகள் டான்ஸ் ஆடி வீடியோ போட்டுக்கொண்டிருந்த ஆப் நின்றுபோன அன்றைக்கு ஊட்டில் அடுப்பு எரியவில்லை. கடைச் சோறு.

பாயைக் கூப்பிடலாமா. முழு ரிங் கேட்டால் மனுசன் பதறிப்போவார். அவர் இல்லையென்றால் அவர் மகன் எடுப்பான். அதையும் கேட்க முடியாது. உக்கடம் பஸ் ஏறி நேரில் போகலாம். முட்டி விடாது என்று மருமகளிடம் சொன்னேன். காரணம் முட்டி இல்லை. அவர் வாசலில் செருப்பு நிறையக் கிடந்தால் என்ன செய்வேன்.

வெள்ளி

மழை. இட்லி இறங்கவில்லை. பகல் தொழுகை முடிந்து ஊட்டுக்கு வந்திருப்பார், வருகிறவராக இருந்தால். அடித்தேன். முழு ரிங்.

எடுத்ததும் ஹலோ இல்லை.

"சொல்லு கண்ணு. எப்ப எடுக்கறீங்க?"

பாய் குரல். அடித்தது என் மகன் என்று நினைத்து, என்னை எடுக்கிற நேரத்தைக் கேட்கிறார்.

"இன்னும் எடுக்கலீங்க பாய். நாந்தானுங்க, மாரப்பன்."

அப்புறம் திட்டு. தினமும் அடித்தாராம். என் பதில் ரிங் வரவில்லை. முழுசாக அடித்துக் கேட்க அவருக்கும் தைரியம் இல்லை. மாரப்பன் மௌத்து, போய்ச் சேர்ந்தான் என்று ஊட்டில் சொல்லிவிட்டாராம்.

"உனக்கு துவா வேற செஞ்சுபோட்டேன். அத இப்ப என்ன பண்றது?"

"வெச்சிருங்க பாய். கெட்டுப்போகாது."

சிரித்தாரா, அழுதாரா, தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வைத்துவிட்டார்.

சாயந்திரம் மருமகள் போனை நோண்டிப் பார்த்தாள். பாய் நம்பர் உள்ளேதான் கிடந்தது, ஒவ்வொரு விடியலுக்கும் ஒன்று. பேர் இல்லாத நம்பர், ஒரே ரிங்கில் கட் ஆகிறது. ஏமாத்துக்காரன் என்று நினைத்து போனே சத்தம் வராமல் தள்ளிவிட்டதாம்.

"தொல்லைன்னு போட்டிருக்குதுங்க மாமா."

பாயிடம் இதைச் சொல்லப் போவதில்லை.

பேர் போட்டுவிட்டால் தள்ளாதாம். உங்க கூட்டாளிங்க பேரெல்லாம் வரிசையாச் சொல்லுங்க மாமா, ஒரேயடியாப் போட்டுடறேன் என்றாள். அண்ணன் நம்பர் வாய்வரைக்கும் வந்தது. மணி நம்பரும்.

"ஒருத்தர்தான் அம்மணி. காஜா மைதீன் பாய்."