பூஸ்ட்டை அணைத்த ஞாயிறு

ஊற்று-2 நிலையம், நிலவின் தென்முனை. ஞாயிறு, 09:10

எழுதுவது இளம்பரிதி, மின்னணுப் பராமரிப்பு. தண்ணீர்ப் பம்பு சரி. காற்றுச் சுத்திகரிப்பு சரி. பேட்டரி அறை வெப்பம் 24. ஆட்கள் இருவர்: நான், துளையிடும் பொறுப்பாளர் மிக்கேல் அண்ணன். அவர் ஊர் தூத்துக்குடி.

இன்று விடுமுறை. விடுமுறைக் காலையில் ஆளுக்கொரு லேப்டாப்பில் ஒரே ஆட்டத்துக்குள் லாரி ஓட்டுவோம். மலைச்சாலை, உப்பு மூட்டை. மற்றபடி இங்கே செய்ய ஒன்றும் இல்லை.

பிராசஸரை வழக்கத்துக்கு மேல் வேகமாக ஓட்டும் பூஸ்ட் பற்றி மறுபடி சண்டை. அணைத்தால் சூடும் சத்தமும் குறையும் என்கிறார் அண்ணன். அது எனக்கும் தெரியும். அளந்திருக்கிறேன். பூஸ்ட் இருந்தால் திரையில் நொடிக்கு 110 ஃப்ரேம், பிராசஸர் 93 டிகிரி. இல்லாவிட்டால் 96 ஃப்ரேம், 68 டிகிரி. காசு கொடுத்து வாங்கிய வேகத்தை ஏன் பூட்டி வைக்க வேண்டும்? முடியாது என்றேன்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பேட்டரி அறைக்குப் போய்விட்டார். நிலையத்திலேயே அமைதியான இடம் அதுதான். அங்கிருந்து ஹெட்செட்டில்: "ஒன் மிசினு ஏரோப்ளேன் கணக்கா எரையுதுல. நான் இங்கன கெடக்கேன். நீ பறந்து வா."

09:55

நிலவு அதிர்ந்தது. பேட்டரி அறைக் கதவின் சட்டம் கோணிக்கொண்டது. அந்த அறையைக் குளிர்விக்கும் நீர்க்குழாய் நசுங்கிவிட்டது. அண்ணன் உள்ளே மாட்டிக்கொண்டார். காயம் இல்லை. இன்டர்காம் செத்துவிட்டது, ஆட்டத்தின் குரல் இணைப்பு மட்டும் ஓடுகிறது.

ஜாக்கி வைத்துப் பார்த்தேன். ஜாக்கிதான் வளைந்தது. வெட்டும் கருவி தலைநிலையத்தில் இருக்கிறது.

தலைநிலையம்: "மீட்பு வண்டி புறப்பட்டது. மாலை ஆறுக்குள் சேரும். மின்சுமையைக் குறையுங்கள்."

11:20

பேட்டரி அறை 39 டிகிரி.

கணக்கு எளிது. நான் இந்தப் பக்கம் பேட்டரியிலிருந்து செலவழிக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு அவர் அறையில் வெப்பமாக இறங்குகிறது. குளிரூட்டல் இல்லை, இறங்கிய சூடு வெளியே போகாது. ஹீட்டரை அணைத்தேன். விளக்குகளை அணைத்தேன். காற்று விசிறியை மட்டும் தொட முடியாது, அது நின்றால் இருவருக்கும் மூச்சு இல்லை.

மிச்சம் இருப்பது லேப்டாப்கள். அவருடையது மட்டும் 90 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் உடம்புச் சூடு. அந்தச் சின்ன அறையில் இன்னொரு ஆளை அடைத்து வைத்த மாதிரி. அணைத்துவிடுங்கள் என்றேன்.

"அணைச்சிட்டு? இருட்டுல, பேச்சுத்துணைகூட இல்லாம, சாயந்தரம் வரைக்கும் சொவத்தப் பாத்துட்டு கெடக்கவா? கிறுக்கு புடிச்சிரும்ல."

பேச்சு இணைப்பை மட்டும் வையுங்கள், ஆட்டம் வேண்டாம் என்றேன்.

"வெறும் பேச்சுன்னா நீ அழுவ. லாரிய எடு."

கடைசியில் இருவரும் பூஸ்ட்டை அணைத்தோம். அவருடையது 90 வாட்டிலிருந்து 50க்கு வந்தது.

12:05

என் லேப்டாப் ஃபேன் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. இந்த நிலையத்தில் இவ்வளவு அமைதி இருப்பது எனக்குத் தெரியாது. அவர் தண்ணீர் விழுங்குவதுகூட ஹெட்செட்டில் கேட்கிறது.

"ஃப்ரேம் எத்தன கொறஞ்சிருக்கு?"

பதினாலு என்றேன்.

"கண்ணுக்குத் தெரியுதா?"

இல்லை.

"இதத்தான வந்த நாள்லருந்து சொல்லிட்டுக் கெடக்கேன். படிச்ச கழுத."

சிரித்தார். நானும் சிரித்தேன். அங்கே 43 டிகிரி. இங்கே 6. இரண்டு ஜாக்கெட் போட்டிருக்கிறேன்.

13:40

46. தண்ணீர் தீர்ந்துவிட்டது. சட்டையை நனைக்கக்கூட மிச்சமில்லை.

தலைநிலையம்: "விடுமுறை நாளில் அவர் பேட்டரி அறையில் ஏன் இருந்தார்? பணிப்பட்டியலில் இல்லையே."

பதில் அனுப்பினேன்: என் லேப்டாப் ஃபேன் சத்தம்.

"பதில் புரியவில்லை. திரும்பச் சொல்லவும்."

திரும்பச் சொன்னேன்.

அவர் காதில் இது விழுந்துவிட்டது. "அவியகிட்ட என்னத்தச் சொல்லுத? நான் தூங்கப் போனேன்னு எழுது. கேட்டியா? தூங்கப் போனேன். எழுது."

எழுத மாட்டேன். நடந்ததைத்தான் எழுதுவேன்.

14:50

49. பேச்சு குழறுகிறது. மகள் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். டெய்சி, கதவத் தொறம்மா, வெக்கையா இருக்கு. நான் இளம்பரிதி என்று சொல்லவில்லை. திறக்கிறேன்ப்பா என்று சொன்னேன். இதை ஏன் பதிவில் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் தெளிவு. "லே, நீ முன்னால போ. வளைவு வருது. எனக்குக் கண்ணு கட்டுது. ஒன் பின் லைட்டப் பாத்து வாரேன்."

மெதுவாக ஓட்டினேன். முப்பதுக்கு மேல் போகவில்லை. என் வாழ்நாளில் இவ்வளவு மெதுவாக எதையும் ஓட்டியதில்லை. பேச முடியாதபோது ஹாரன் அடித்தார். நானும் அடித்தேன்.

15:35

51. என் லேப்டாப்பை அணைத்தால் என்ன குறையும்? அவர் அறையில் ஐந்து வாட். அணைத்தால் அவருக்கு என் பின் விளக்கு போய்விடும். அணைக்கவில்லை. தப்பா சரியா என்று இதைப் படிக்கிறவர் சொல்லட்டும். எனக்குக் கணக்குப் போட முடியவில்லை.

மூச்சு மட்டும் கேட்கிறது. வேகமாக. இடையில் நிற்கிறது, மறுபடி வருகிறது. ஃபேன் ஓடியிருந்தால் இது என் காதில் விழுந்திருக்காது.

16:25

மூச்சு கேட்கவில்லை.

ஹெட்செட்டைக் கழற்றி மாட்டினேன். ஒலியை முழுக்க ஏற்றினேன். ஆட்டத்தின் லாரி எஞ்சின் சத்தம் மட்டும்.

அண்ணே என்று கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கதவைக் குறடால் அடித்தேன்.

17:30

மீட்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. வெளியே விளக்கு தெரிகிறது.

மீட்புக் குழு: "கதவை வெட்டுமுன் மின்சாரம் முழுதும் துண்டிக்கப்பட வேண்டும். கையடக்கக் கருவிகள் உட்பட. உள்ளே இருப்பவர் நிலை?"

இந்தப் பதிவை எழுதும் என் லேப்டாப்பும் அதில் அடக்கம். அவர் லாரி இன்னும் ஓடுகிறது. விரல் விசையின் மேல் கிடக்கிறது போல. மூன்றாவது வளைவில் பாறையில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கிறது, சக்கரம் மட்டும் சுற்றுகிறது. என் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய்ப் பக்கத்தில் நிறுத்தினேன். திரையில் அவர் பெயர் பச்சையில் இருக்கிறது. இணைப்பில் இருக்கிறார் என்று பொருள்.

"ஊற்று-2, உள்ளே இருப்பவர் நிலை என்ன?"

இணைப்பில் இருக்கிறார் என்று சொன்னேன்.

"மின்சாரத்தைத் துண்டியுங்கள்."

ஒரு நிமிடம் தாருங்கள் என்று கேட்டேன். எதற்கு என்று கேட்கிறார்கள். சக்கரம் சுற்றிக்கொண்டு