தனியாகக் கட்டாத கன்று

அண்ணனுக்கு,

அண்ணியையும் பிள்ளைகளையும் விசாரித்துத் தொடங்கத்தான் நினைத்தேன். கை வரவில்லை.

பள்ளித் தொழுவத்துக்கு நீ தந்த கன்றுக்கு வாயெல்லாம் கொப்புளம். எச்சில் ஒழுக நிற்கிறது, குளம்பிடுக்கிலும் புண். செய்முறை வகுப்பில் வாயைத் திறந்து பார்க்கச் சொன்னேன், கோமாரி என்று மாணவர்களே கண்டுபிடித்தார்கள். இன்று காலையிலிருந்து எங்கள் பசுக்களும் தீவனத்தைத் தொடவில்லை.

புதிதாக வரும் மாட்டைச் சில வாரம் தனியாகக் கட்ட வேண்டும் என்பது நான் நடத்தும் முதல் பாடம். உன் வீட்டுக் கன்றுதானே என்று வந்த அன்றே மற்றவற்றோடு கட்டிவிட்டேன்.

"இத மட்டும் ஏன் டீச்சர் தனியா கட்டல?" என்று ஒருத்தி கேட்டாள். "ஊருக்குத்தான் உபதேசம்" என்று பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு. யாரும் சிரிக்கவில்லை.

ஒரு பிடி வைக்கோலுக்குக்கூடக் கணக்குப் பார்க்கிறவன் நீ. "பிள்ளைங்க படிக்கட்டும், சும்மா வச்சுக்கோ" என்று கன்றை இறக்கிவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் வண்டியைத் திருப்பினாய். ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை.

நாளைக்குச் சந்தை. உன் மாடுகள் அங்கே போகக் கூடாது.

கன்று எங்கிருந்து வந்தது என்று கால்நடை மருத்துவர் கேட்டபோது, வகுப்பே என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. சொல்லிவிட்டேன்.

நீ போனை எடுக்கவில்லை. அதனால் இதை அவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். படித்து முடித்ததும் நிமிர்ந்து பார், உன் எதிரில்தான் நிற்கிறார். தொழுவத்தைத் திறந்து காட்டு.

உன் தங்கை