ஒரு மீனுக்கு இரண்டு டப்பா

மார்ச் 2

குண்டு கவிழ்ந்து மிதக்கிறது. செத்துவிட்டதென்று தொட்டிக்குள் கையை விட்டேன், வாலை அடித்தது. கீழே இறங்கப் பார்க்கிறது, தக்கை போல மறுபடி மேலே வந்துவிடுகிறது.

மகள் வளர்த்த தங்கமீன், குண்டு என்று பெயர் வைத்ததும் அவள்தான். பேசி முடித்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றாள் என்று அவளுக்கு வாசலைக் காட்டி ஏழு மாதம் ஆகிறது. "போனா போனதுதான்" என்றேன். போய்விட்டாள். அன்றிலிருந்து மனைவியும் என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. தட்டு வைக்கிற சத்தத்தில் சாப்பாடு தயார் என்று நானே தெரிந்துகொள்ள வேண்டும்.

மார்ச் 3

மீன் கடைக்காரரைக் கேட்டேன். "தீனி ஜாஸ்தி சார். குடல் உப்பி, உள்ள இருக்கிற காத்துப்பைய அமுக்குது. மூணு நாள் பட்டினி போடுங்க. அப்புறம் பச்சைப் பட்டாணிய வேகவச்சு, தோல உரிச்சு, துளித்துளியா குடுங்க."

ஜாஸ்தியா? காலையில் மனைவி குளிக்கப் போகும்போது நாலே நாலு உருண்டை. டப்பாகூட என் மேசை இழுப்பறையில்தான். மகளைத் துரத்தியவன் அவள் மீனுக்குத் தீனி போடுவதை இவள் பார்க்க வேண்டுமா என்ன?

மார்ச் 5

பட்டினி மூன்றாம் நாள். வயிறு இறங்கவில்லை. தண்ணீருக்கு வெளியே நிற்கும் பக்கம் காய்ந்து சிவந்துவிட்டது.

மார்ச் 6

நான் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருக்கும் ஆஸ்பத்திரியில், டீ போடுகிற கெட்டிலில் பட்டாணி வேகவைத்தேன். நர்ஸ் சிரித்தார். சாயங்காலம் கொடுத்தால் துப்புகிறது. இத்தனை நாள் பட்டினிக்குப் பசிக்காதா?

மார்ச் 7

எக்ஸ்ரே மெஷின் பழுது. மதியமே வீட்டுக்கு வந்தேன். தொட்டி முன்னால் இவள், கையில் வேறொரு டப்பா. "சாப்பிடுடா கண்ணு, சாப்பிட்டாத்தானே தெம்பு வரும்."

ஏழு மாதமாகக் காலையில் நான், மதியம் இவள். மீன் எப்படிப் பிழைக்கும்?

"போடாதே" — ஒரு சொல் போதும். தினம் நாற்பது பேரிடம் "மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று கத்துகிற வாய்தான். வீட்டில் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? நான் ஏன் முதலில் பேச வேண்டும் என்று நின்றேன். இவள் உள்ளே போனதும் டப்பாவைத் தூக்கி பீரோவுக்குப் பின்னால் போட்டேன். பெரிய மூளை.

மார்ச் 8, ஞாயிறு

மகள் ஞாயிறுதோறும் இவளுக்குப் போன் செய்வாள். எடுத்ததும் குண்டுவைத்தான் கேட்பாள். "நல்லா இருக்கான்" என்று இவள் பொய் சொன்னது காதில் விழுந்தது. பிறகு கடைக்குப் போய்ப் புது டப்பா வாங்கி வந்தாள்.

மார்ச் 10

சிவந்த இடம் புண்ணாகிவிட்டது. தாங்க முடியாமல் மதியம் வீட்டுக்கு வந்து, தீனி போடப் போன இவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "போடாத. நானும் போட்டேன், நீயும் போட்ட. அதனாலதான் சாகுது."

இவள் கேட்டது ஒன்றுதான். "எப்பலேர்ந்து தெரியும்?"

"சனிக்கிழமையிலேர்ந்து."

"மூணு நாளா பாத்துட்டு சும்மா இருந்தீங்க. உங்க வீம்புக்கு அதுவும் சாகணுமா?"

வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 11

இவள் தண்ணீருக்குள் இரண்டு கையாலும் குண்டுவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். நான் பட்டாணித் துணுக்கை நீட்டினேன். மூன்றைத் துப்பியது. நான்காவது உள்ளே போனது. "முழுங்கிட்டான்" என்றாள். என்னிடம்தான் சொன்னாள்.

மார்ச் 13

காலையில் குண்டு தொட்டியின் அடியில் இருந்தது. இறங்கிவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். வால் அசையவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

போன் மணி அடித்ததும் இவள் அதை எடுத்து என் கையில் வைத்தாள். "நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். "எப்படிப்பா?" என்றாள் மகள்.

"தீனி ஜாஸ்தி. நான் ஒரு தடவ, அம்மா ஒரு தடவ. ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கல."

"இத்தன மாசமாவா?"

"ஆமா."

அழுகிறாள் என்று தெரிந்தது. வீட்டுக்கு வாம்மா என்று சொல்ல மூச்சை இழுத்தேன். அதற்குள் போனை வைத்துவிட்டாள்.

இவள் கதவருகிலேயே நின்றிருந்தாள். "சொல்லிட்டீங்களா?"

"மீனப் பத்தி மட்டும் சொன்னேன்."