இடமிருந்து மூன்றாவது

சித்திரை 28, வெள்ளி

காலையிலேயே வெயில். மிஷினுக்கு எண்ணெய் விட்டும் கறகறவென்கிறது. கருட சேவைக்கு ஊரிலுள்ள எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புது ரவிக்கை வேண்டும். கூடை வழிகிறது.

பகல் ஆட்டம், எதிர் வீட்டு வள்ளியம்மாவோடு. புதுப் படம், கலர். படத்தின் பெயரை இதில் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன், பெயருக்கும் கதைக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. கதாநாயகி தோட்டக்காரன் மகள். வீட்டில் கஞ்சிக்கே வழியில்லை. ஆனால் பாட்டுக்குப் பாட்டு ரவிக்கை மாறுகிறது. அந்தத் தோட்டக்காரனுக்குத் தையல் போட்டுக் கொடுக்கிறவள் யாரென்று தெரிந்தால் நானும் அங்கேயே வேலைக்குப் போய்விடுவேன்.

பார்த்து வைத்தது:
கை முழங்கை வரை, ஓரத்தில் சுருக்கு.
கழுத்து அகலம், தோள் எலும்பு தெரிகிற மாதிரி.
முதுகில் முடிச்சு. (நம் ஊர் வெயிலுக்கு வேர்க்குரு வரும். கேட்பார்கள். தைத்துத் தர வேண்டியதுதான்.)

கதாநாயகன் காலேஜ் பையனாம். தொப்பையை பெல்ட்டுக்குள் அடக்க முடியவில்லை. மரத்தைச் சுற்றி ஓடி மூச்சு வாங்குவதைக் காதல் என்று எடுத்திருக்கிறார்கள்.

வள்ளியம்மா அழுதாள். "அந்தப் பொண்ணு அழுவறப்ப மூக்குத்தி எப்டி மின்னுச்சு பாத்தியா கமலா" என்றாள். இவள் கண்ணீருக்கு அழுதாளா மூக்குத்திக்கு அழுதாளா தெரியவில்லை.

தொழிலுக்காகத்தான் சினிமாவுக்குப் போகிறேன் என்று வீட்டுக்காரர் இவரிடம் சொல்வது. இதிலாவது உண்மையை எழுதலாம். சினிமா இல்லாவிட்டால் எனக்கு வாரம் நகராது. பார்த்துவிட்டு வந்து திட்டவாவது ஒன்று வேண்டும்.

இடைவேளையில் சிலைடு போட்டான். கருட சேவையை முன்னிட்டு அடுத்த வெள்ளி முதல், அந்தப் பழைய ராஜா ராணிப் படம்.

கடித்த முறுக்கு வாயிலேயே நின்றுவிட்டது. "இன்னாமா, பல்லு வலியா" என்றாள் வள்ளியம்மா. ஆமாம் என்றேன்.

லோகா அக்கா ஆடின படம்.

சித்திரை 29, சனி

தூக்கம் சரியில்லை. எழுதினால்தான் அடங்கும்.

அக்கா சென்னையில் அத்தை வீட்டில் இருந்தபோது ஒரு டான்ஸ் குரூப்பில் சேர்ந்தாள். அந்த ஒரே படம்தான். இளவரசி ஆற்றங்கரையில் பாடுவாளாம், பின்னால் தோழிகள் வரிசையாகக் குடத்தோடு ஆடுவார்களாம். அதில் இடமிருந்து மூன்றாவது அக்கா. ஊருக்கு வந்தபோது கொல்லையில் எனக்கு மட்டும் ஆடிக் காட்டினாள், செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு. "எல்லாரும் வலப்பக்கம் திரும்பறப்ப நான் மட்டும் இடப்பக்கம் திரும்பிட்டேன்டி. மாஸ்டர் திட்டுன்னா திட்டு. ஆனா வெளிச்சம் போயிடுச்சு, மறுபடி எடுக்கல. என் தப்பு அப்டியே படத்துல இருக்குது." சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அப்போது பாவாடை தாவணி வயது.

படம் இந்த ஊருக்கு வந்தபோது அப்பா என்னைக் கொட்டகை இருக்கிற தெருப் பக்கமே விடவில்லை. அந்த வருஷமே அக்காவுக்குக் காய்ச்சல். சென்னை ஆஸ்பத்திரி. முடிந்துபோனது. அப்பா போய்ப் பார்க்கவில்லை. வீட்டிலிருந்த ஒரே போட்டோவை எடுத்து அடுப்பில் வைத்தார். அதே அடுப்பில் அம்மா பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பாலை இறக்கவில்லை, போட்டோவையும் எடுக்கவில்லை. அந்தப் பாலில்தான் எல்லாருக்கும் காப்பி.

இரண்டு பேருமே இப்போது இல்லை. கேட்க முடியாது.

அக்காவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருகிறது. மூக்கு ஞாபகம் இருக்கிறது. காதுக்கருகே ஒரு மச்சம். கண் மட்டும் எவ்வளவு யோசித்தாலும் வரமாட்டேன் என்கிறது. அந்தப் பாட்டைத் தவிர அக்கா இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை.

சித்திரை 30, ஞாயிறு

இவரிடம் கேட்டேன். தறியில் உட்கார்ந்திருந்தார், தலையைத் தூக்கவில்லை.

"அந்தப் படம் வருதுங்க. அக்கா படம்."

"வரட்டும்."

"போலாங்க. ரெண்டு பேரும்."

"தறியில ஏத்தின பாவு முடியாம எங்க போறது. கருட சேவை அன்னிக்குத்தான் தறி நிக்கும். அன்னிக்கு வேணா போலாம்."

"சேர் டிக்கெட் எடுக்கணும். பெஞ்சுன்னா ஆம்பள ஒரு பக்கம் பொம்பள ஒரு பக்கம்."

"பக்கத்துல உக்காந்து இன்னா பண்ணப்போறே?"

"காட்டணும்."

தறியை மறுபடி ஓட்ட ஆரம்பித்தார். இவரிடம் அதுதான் சம்மதம்.

சண்டை வரும்போதெல்லாம் கடைசியில் இவர் எடுக்கிற வார்த்தை ஒன்று உண்டு, கூத்தாடிக் குடும்பம் என்று. அக்காவை இவர் பார்த்ததே இல்லை. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே போய்விட்டாள். பார்க்காத ஒருத்தியை இத்தனை வருஷமாகப் பேசுகிறார். பக்கத்தில் உட்கார வைத்து, இதோ இவள்தான் என்று காட்ட வேண்டும். அதற்குப் பிறகும் அந்த வார்த்தை வாயில் வருகிறதா பார்க்கிறேன்.

வைகாசி 1, செவ்வாய்

புழுக்கம். மேகம் மட்டும் வந்து போகிறது.

மஞ்சள் பட்டுக்கு ரவிக்கை கொடுத்திருக்கிற டீச்சர் இன்னொரு கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கறுப்பு வெள்ளை, அழுகைப் படம். தாய் இருமுகிறாள், ரத்தம் கக்குகிறாள், கடைசி ரீலில் எழுந்து உட்கார்ந்து ஒரு முழுப் பாட்டு பாடிவிட்டுச் சாகிறாள். டீச்சர் முந்தானை நனைந்துவிட்டது. எனக்கு எரிச்சல். சாகிறவள் எங்கே பாடுவாள்? அக்கா எப்படிச் செத்தாள் என்று எனக்குத் தெரியாது. பாடியிருக்கமாட்டாள்.

பழைய படமெல்லாம் இதைவிட மேல் என்று டீச்சர் வழி முழுக்கப் பேசினாள். போன மாதம் பார்த்த பழைய புராணப் படத்தில் ரிஷி கையைத் தூக்கிச் சாபம் கொடுக்கிறார், மணிக்கட்டில் வாட்ச் கட்டின தடம் வெளுப்பாகத் தெரிகிறது. மேலாவது கீழாவது. ஆனால் பழைய படத்தில் ரவிக்கை ஒழுங்காகத் தைத்திருப்பார்கள், அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

நூல் கண்டு வாங்க மறந்தேன். பச்சை, அரக்கு.

வைகாசி 4, வெள்ளி

படம் வந்துவிட்டது. விளம்பரத் தட்டியை மாட்டுவண்டியில் வைத்து மேளத்தோடு தெருவில் இழுத்துப் போனார்கள். தட்டியில் இளவரசி மட்டும்தான். பின்னால் யாரும் இல்லை.

வள்ளியம்மா முதல் ஆட்டமே போய் வந்தாள். என்னையும் கூப்பிட்டாள், வேலை என்றேன். அவளிடம் அக்கா கதை எதுவும் சொன்னதில்லை. தெருவில் யாருக்கும் தெரியாது.

"எப்டி இருக்குது படம்?"

"இன்னாத்த சொல்ல. கத்திச் சண்டை நல்லா கீது. பாட்டுதான், அப்பப்பா, பாட்டுக்கு மேல பாட்டு."

"ஆத்தங்கரைப் பாட்டு?"

"அதுவும் இருக்குது. குடம் வெச்சுக்கினு."

"முழுசா?"

"இன்னாமா இது, அரைப் பாட்டா போடுவாங்க?"

இருக்கிறது. படத்தின் காப்பி பழசு, எங்கே அறுந்து போயிருக்குமோ என்று பயந்தேன். முழுசாக இருக்கிறது.

சாயந்தரம் செருப்பு மாட்டிவிட்டேன். வாசல் வரைக்கும் போனேன். திரும்பி வந்து கழற்றினேன். பெஞ்சில் நான் உட்கார்ந்து அழுதால் நாளைக்கு விஷயம் தெரு முழுக்க. அதோடு, முதலில் இவரோடுதான் பார்ப்பது என்று முடிவு செய்தாகிவிட்டது. இத்தனை வருஷம் இருந்தாயிற்று, செவ்வாய்க்கிழமை கருட சேவை வரைக்கும் இருக்க முடியாதா?

வைகாசி 6, ஞாயிறு

டீச்சர் ரவிக்கைக்கு வலக்கையை இடப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்தேன். இப்படி நான் செய்ததே இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் இவராகவே கேட்டார். "எத்தினியாவது ஆளுன்னு சொன்னே?"

"எடப் பக்கத்துலேர்ந்து மூணாவது."

"ம்" என்றார். இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார். என்னவோ தெரியவில்லை, கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

வைகாசி 8, செவ்வாய். கருட சேவை

விடியும் முன்பே சின்ன காஞ்சிபுரம் போய்ப் பெருமாளைச் சேவித்தோம். கூட்டத்தில் குடைதான் முதலில் தெரிந்தது, பிறகு கருடன் மூக்கு. திருப்புட்குழி பக்கத்திலிருந்து வண்டி வண்டியாக ஜனம். உள்ளூர்ப் பெண்கள் முதுகெல்லாம் எனக்குத் தெரிந்த முதுகாக இருந்தது, பாதி ரவிக்கை நான் தைத்தது. வேண்டிக்கொண்டது ஒன்றுதான்.

பகலில் கொட்டகை. அரக்குப் புடவை கட்டினேன். இவர் வெள்ளை வேட்டி, தலைக்கு எண்ணெய். சேர் டிக்கெட். பக்கத்தில் பக்கத்தில். கல்யாணம் ஆன புதிதில் இப்படி உட்கார்ந்தது, அப்புறம் இப்போதுதான்.

கதை ஒன்றும் மனதில் நிற்கவில்லை. சேனாதிபதி கெட்டவன், ராஜா மடையன், எப்போதும்போல. இளவரசி படித்துறையில் இறங்கினாள். பாட்டுக்கு முன்னால் வருகிற குழல். இவர் முழங்கையைத் தொட்டேன். ஓரத்தில் ஒரு குடம் தெரிந்தது, குடத்தைப் பிடித்த ஒரு கை, பாவாடைக் கரை.

திரையில் வெள்ளையாக ஒரு வெட்டு. அடுத்து சேனாதிபதி குதிரையில் போகிறான்.

தரை டிக்கெட்டில் இரண்டு பேர் விசில் அடித்தார்கள். அவ்வளவுதான்.

"எங்க? அந்தக் கையா?" என்றார் இவர்.

"இல்ல."

"அப்புறமா வருதா?"

"வரும்" என்றேன். எதற்குச் சொன்னேன்? கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். வேறு எந்தப் பாட்டும் வரவில்லை. வள்ளியம்மா சொன்ன பாட்டுக்கு மேல பாட்டு எதுவுமே இல்லை.

வாசலில் டிக்கெட் கிழிக்கிறவரிடம் கேட்டேன். "கருட சேவைன்னா எப்பவுமே இப்டித்தாம்மா. காலைலேர்ந்து ஆட்டம் மேல ஆட்டம். வெளியூரு சனம் சண்டை பாத்தா போதும்னுது. பாட்டையெல்லாம் எடுத்துட்டுத்தான் ஓட்டுவோம். நேத்து வரைக்கும் முழுசாத்தானே ஓடுச்சு, நேத்து வந்திருக்கக் கூடாதா?"

"நாளைக்கு?"

"இன்னியோட சரி. பொட்டி கம்பெனிக்குத் திரும்பிப் போவுது. காப்பி தேஞ்சு போச்சு, இனிமே எங்கயும் ஓட்டமாட்டாங்க."

நேற்று வரைக்கும் முழுசாக ஓடியது. என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், தினமும், அக்கா குடத்தை வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறாள். நான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். கருட சேவை அன்றைக்கு உள்ளூர்க்காரர் எவரும் சினிமாவுக்குப் போவதில்லை, வெட்டுவது யாருக்குத் தெரியும்? இத்தனை படம் பார்த்து இத்தனை குறை சொன்னவளுக்கு இது தெரியவில்லை.

திரும்பி வரும் வழியில் இவர் சொன்னார். "போவட்டும் வுடு. நல்லதாப் போச்சு. பாத்துட்டு நீ எதுனா அழுதிருந்தா நாலு பேரு இன்னான்னு கேட்டிருப்பான்."

அங்கேயே கையை உதறிவிட்டுப் போக வேண்டும்போல இருந்தது. கூட்டத்தில் நெரிசல், பிடித்துக்கொண்டுதான் நடக்க முடியும். பிடித்துக்கொண்டே வந்தேன்.

வைகாசி 10, வியாழன்

மழை தூறி நின்றுவிட்டது. தெருவெல்லாம் வாழைத்தோல், ஈ.

இரண்டு நாளாக இவரோடு பேசவில்லை. இவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. தறிச் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறது.

வள்ளியம்மா ரவிக்கை வாங்க வந்தாள். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"அந்த ஆத்தங்கரைப் பாட்டுல பின்னாடி ஆடினவங்கள நல்லா பாத்தீங்களா?"

"யாருமா அவங்களையெல்லாம் பாக்கறது. அந்த ராணி இடுப்புல ஒரு ஒட்டியாணம் போட்டுக்கினு இருந்தா பாரு, நான் அதத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

இந்த ஊரில் அக்காவைப் பார்த்த கண்ணில் ஒன்று என் எதிரில் உட்கார்ந்திருக்கிறது, அது ஒட்டியாணத்தைப் பார்த்ததாம். துணியை மடித்துக் கொடுத்தேன். வாசற்படி வரை போனவள் திரும்பினாள்.

"ஆங், ஒருத்தி இருந்தா கமலா. எல்லாம் இந்தப் பக்கம் திரும்புதுங்க, அது மட்டும் அந்தப் பக்கம் திரும்பிச்சு. பெஞ்சு பூரா சிரிச்சிட்டோம். அதுவும் சிரிச்சுக்கினேதான் ஆடுச்சு, லூசு."

"முகம் எப்டி இருந்துது?"

"அதெல்லாம் யாருக்குமா ஞாபகம். ஒரு நிமிசம் வந்துச்சு, போச்சு. இன்னாத்துக்குக் கேக்கறே?"

"சும்மாதான்."

போய்விட்டாள். வெள்ளிக்கிழமையிலிருந்து திங்கள் வரைக்கும் ஊரே பார்த்துச் சிரித்திருக்கிறது. அக்காவும் கூடச் சிரித்திருக்கிறாள். பார்க்காதது நான் ஒருத்தி, அப்புறம் இவர்.

கொல்லைக்குப் போனேன். செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். இவர் தறியிலிருந்து எழுந்து தண்ணீர் குடிக்க வந்து நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்தாரோ.

"இதுதானா?" என்றார்.

ஆமாம் என்றேன்.